200 வெள்ளிக்குள் எஸ்எஸ்டி: பழைய லேப்டாப்புக்கு எதை வாங்குவது?

வணக்கம் சகோதரி. "எந்த பிராண்ட் எஸ்எஸ்டி நல்லது?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். (எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுற்றும் பாகம் இல்லாத சேமிப்புச் சாதனம்.) அதற்கு மேலே நீங்கள் எழுதியதைப் படித்தால் மனத்தில் இரண்டு கவலை இருப்பது தெரிகிறது. 2019-இல் வாங்கிய லேப்டாப், 8-ஆம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி கலக்கிக் குடித்து வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மகள் கெப்பாளா பத்தாஸ் மெட்ரிகுலேஷனுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புக்குப் போகும் நேரத்தில் இதில் 200 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) போடுவது தகுமா, தண்டமா என்பது ஒரு கவலை. பினாங்கு கொம்தார் பக்கம் ஒரு கடையில் பேர் தெரியாத 1 டிபியைக் குறைந்த விலைக்குக் காட்டினார்கள், பேர் தெரிந்த 500 ஜிபியோ அதைவிட விலை கூட, இதில் ஏமாந்துவிடக் கூடாதே என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். பிராண்ட் பேச்சு அப்புறம்தான் வரும்.

பட்டர்வொர்த்தில் லேப்டாப் பழுது பார்ப்பது என் தொழில். "மெதுவாக இருக்கிறது" என்று கடைக்கு வரும் லேப்டாப்புகளில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதைப் போல உடனே பலன் தெரியும் வேலை வேறு எதுவும் இல்லை. ஆகவே முதல் கேள்விக்குத் தயங்காமல் சொல்கிறேன்: தகும். உங்கள் லேப்டாப்பின் ப்ராசஸர் இன்னும் போதுமானது. விண்டோஸ் 11-க்கும் 8-ஆம் தலைமுறை தகுதியானது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் இது முக்கியம். 7-ஆம் தலைமுறையாக இருந்திருந்தால் இரண்டு முறை யோசிக்கச் சொல்லியிருப்பேன்.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்லும் பாதிப் பேச்சு உங்களை அசைக்காது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். கேட்ட தகவல் இருக்கும் இடம் அதைப் படிக்கும் முள்ளுக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று ஆகும், அதுவே 5.5 மில்லி வினாடி. முள் நகரும் நேரத்தையும் கூட்டினால் ஒரு துண்டுத் தகவலை எடுக்க 15 மில்லி வினாடிக்கு மேல். அதாவது அங்கங்கே சிதறிக் கிடப்பதைப் பொறுக்கும்போது வினாடிக்கு நூறு துண்டுகூடக் கிடைக்காது. விண்டோஸ் திறக்கும்போது செய்வது முழுக்க இந்தப் பொறுக்கும் வேலைதான். எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. சந்தையில் இருக்கும் மிக மலிவான எஸ்எஸ்டிகூட அதே துண்டை ஏறக்குறைய 0.1 மில்லி வினாடியில் எடுத்துத் தந்துவிடும்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போகும் வேகத்தில் பெரும்பங்கு ஹார்ட் டிஸ்க்கை விட்டு வெளியே வந்தவுடனேயே கிடைத்துவிடுகிறது. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வினாடிக்கு 550 எம்பி, 3500 எம்பி, 7000 எம்பி எல்லாம் பெரிய கோப்புகளை ஒரே வரிசையில் படிக்கும்போது வரும் எண்கள். வேர்டு, பவர்பாயிண்ட், குரோம், கூகுள் மீட் என்று போகும் மாணவிக்கு 550-க்கும் 3500-க்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அதனால் 200 வெள்ளியில் வேகத்துக்கென்று கூடுதலாக ஒரு காசும் கொடுக்காதீர்கள். அந்தக் காசை உண்மையான கொள்ளளவுக்கும், உத்தரவாதத்துக்கும், தேடினால் கிடைக்கும் விற்பனையாளருக்கும் கொடுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் லேப்டாப்புக்குள் எது பொருந்தும் என்று பார்த்தாக வேண்டும். அந்தக் காலத்து ஐ5 லேப்டாப்பில் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் உட்காரும் இடம் உங்களுக்கு நிச்சயம் இருக்கிறது, ஏனென்றால் இப்போது அங்கே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதே அளவில் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாட்டா (இப்போதைய ஹார்ட் டிஸ்க்கும் பயன்படுத்தும் இணைப்பு வகை) எஸ்எஸ்டி அந்த இடத்தில் அப்படியே போய்ச் சேரும். பல மாடல்களில் இதைத் தவிர மதர்போர்டில் (லேப்டாப்பின் முதன்மைப் பலகையில்) எம்.2 என்ற சின்ன ஸ்லாட்டும் காலியாக இருக்கும். சூயிங்கம் பட்டை மாதிரி நீளமான எஸ்எஸ்டி அதில்தான் போகும். அதன் பெயரில் வரும் 2280 என்பது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சில லேப்டாப்புகளில் 2242-க்கு, அதாவது 42 மில்லிமீட்டருக்கு மட்டும்தான் இடம் இருக்கும்.

எம்.2-இல்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர். அந்த வடிவத்துக்குள் சாட்டா, அதைவிட வேகமான புது வகை இணைப்பான என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. எஸ்எஸ்டியின் தங்க நிற முனையில் இரண்டு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் என்விஎம்இ. ஆனால் ஸ்லாட்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. என்விஎம்இ கச்சிதமாக உள்ளே போய் உட்கார்ந்துவிடும், ஆனால் அந்த ஸ்லாட்டுக்குச் சாட்டா இணைப்பு மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தால் லேப்டாப் அதை அடையாளமே காணாது. 2018, 2019 வாக்கில் வந்த லேப்டாப்புகளில் மூன்று வகையும் பார்த்திருக்கிறேன்: சாட்டா மட்டும், என்விஎம்இ மட்டும், இரண்டும். நீங்கள் "ஏசர்" என்று மட்டும் எழுதியிருப்பதால் உங்களுடையது எது என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் முழு மாடல் எண் இருக்கும், அதை வைத்துத் தேடினால் தெரிந்துவிடும். தேடிப் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் 2.5 அங்குல சாட்டாவை வாங்குங்கள், பொருந்தாமல் போகும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஸ்லாட் என்விஎம்இ-க்கு ஏற்றது என்று உறுதியானால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். காரணம் வேகம் இல்லை. இப்போது மலிவு வகையில் நல்ல சரக்கு அங்கேதான் அதிகம் வருகிறது, விலையும் பெரும்பாலும் சாட்டாவை ஒட்டியே இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கையும் கழற்ற வேண்டியதில்லை. என்விஎம்இ ஓடும் பாதைக்குப் பிசிஐஇ என்று பேர், உங்கள் லேப்டாப்பில் இருப்பது அதன் 3-ஆம் தலைமுறை. கடையில் 4-ஆம் தலைமுறை என்விஎம்இ மட்டும்தான் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம், 3-இன் வேகத்தில் ஒழுங்காக ஓடும். ஆனால் அதற்காக அதிக விலை கொடுக்க வேண்டாம்.

அடுத்தது கொள்ளளவு. 240, 256 ஜிபி வேண்டாம் என்பது என் கருத்து. விண்டோஸ், அதன் அப்டேட்டுகள், ஆபிஸ், வாட்ஸ்அப்பில் வந்து குவியும் வீடியோ என்று ஒரு வருடத்தில் சிவப்புக் கோடு வந்துவிடும். எஸ்எஸ்டி முக்கால்வாசிக்கு மேல் நிரம்பினால் எழுதும் வேகமும் குறையும். 480 அல்லது 500 ஜிபிதான் உங்கள் பட்ஜெட்டுக்குச் சரி. 500 ஜிபி வாங்கி விண்டோஸில் 465 என்று காட்டினால் பதறாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். இதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும், பாவம் அவர் மேல் தப்பில்லை.

உள்ளே இருக்கும் சிப்பைப் பற்றி இணையத்தில் நிறையப் பயமுறுத்துவார்கள். சிப்பில் தகவல் வைக்கும் நுண்ணிய அறையான ஒரு செல்லில் 3 பிட் வைப்பது டிஎல்சி, 4 பிட் வைப்பது க்யூஎல்சி. க்யூஎல்சி மலிவு, ஆனால் பெரிய அளவில் ஒரே மூச்சாக எழுதும்போது ஆரம்ப வேகம் தீர்ந்ததும் மிகவும் இறங்கிவிடும், சில சாட்டா க்யூஎல்சி ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே வந்துவிடும். மகள் தினமும் 100 ஜிபி வீடியோ நகல் எடுக்கப் போவதில்லை என்றால் இது பெரிதாகப் பாதிக்காது. இரண்டும் ஒரே விலையில் இருந்தால் டிஎல்சியை எடுங்கள். தனி டிராம் (எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை வைக்கும் சின்ன நினைவகச் சிப்) இல்லாத எஸ்எஸ்டி என்பதும் இதே மாதிரி. என்விஎம்இ வகை லேப்டாப்பின் ரேமிலிருந்து சில பத்து எம்பியை இரவல் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும். சாட்டாவுக்கு அந்த வசதி கிடையாது என்பதால் சாட்டாவில் டிராம் இருப்பது கொஞ்சம் மேல். ஆனாலும் டிராம் இல்லாத சாட்டாகூட உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு நல்லது.

ஆயுளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், "எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடுமாமே" என்று. பெட்டியில் டிபிடபிள்யூ என்று ஓர் எண் இருக்கும், உத்தரவாதக் காலத்தில் எத்தனை டிபி எழுதலாம் என்பதன் கணக்கு அது. மலிவு 480 ஜிபியில் 120 என்று வைத்துக்கொள்வோம். மகள் ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும், அது தாராளமான கணக்குதான், 120 டிபி தீர 6000 நாள் ஆகும். பதினாறு வருடத்துக்கு மேல். அதற்குள் லேப்டாப்பின் கீல் உடைந்துவிடும். தேய்ந்து செத்த எஸ்எஸ்டியை நான் பார்ப்பது மிக அரிது. எஸ்எஸ்டியை இயக்கும் கன்ட்ரோலர் சிப் திடீரென்று போய்விடுவதைத்தான் பார்க்கிறேன். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பலமுறை கடகடவென்று சத்தம் போட்டாவது சொல்லும். எஸ்எஸ்டி பல நேரம் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரு காலையில் காணாமல் போகும். எந்த ஒற்றை எஸ்எஸ்டி எத்தனை வருடம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, விலை உயர்ந்ததானாலும் சரி. ஆகவே மகளின் பாடங்கள் வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும் என்பதை இப்போதே சொல்லி வையுங்கள்.

இப்போது அந்த 1 டிபிக்கு வருகிறேன். நினைவகச் சிப்பைச் சொந்தமாகத் தயாரிப்பவர்கள் உலகத்தில் ஒரு கைவிரல் கணக்கில் கொஞ்சம் கூடுதல்தான்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், கியோக்சியா, சான்டிஸ்க், சீனாவின் ஒய்எம்டிசி. மற்றவர்கள் எல்லாம் இவர்களிடம் வாங்கிப் போடுபவர்கள். அதில் கிங்ஸ்டன், ஏடேட்டா, லெக்சார் போன்றவர்களும் உண்டு, வாங்கிப் போடுவதில் குற்றம் ஒன்றும் இல்லை. பேரே தெரியாத பிராண்டில் எந்தத் தரத்துச் சிப் இருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதுதான் பிரச்சினை. நன்றாக ஓடும் பேர் தெரியாத எஸ்எஸ்டியும் இருக்கிறது. அதே பேரில் அடுத்து வாங்கியது மூன்று மாதத்தில் செத்ததும் இருக்கிறது.

அதைவிட மோசமானது அப்பட்டமான போலி. ஒரு வாடிக்கையாளர் ஆன்லைனில் வாங்கிய '2 டிபி' ஒன்றைக் கொண்டுவந்தார், கோப்புகளை ஏற்றினால் ஏறுகிறது, திறந்தால் திறப்பதில்லை. கூட்டை நெம்பித் திறந்தேன். உள்ளே கட்டைவிரல் அளவு ஒரு பலகை, அதன் மேல் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் வெள்ளைப் பசை. விண்டோஸிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதை எழுதியிருந்தார்கள். நிரம்பியதும் பழையதன் மேலேயே புதியதை எழுதும், அவருடைய குடும்பப் படங்களில் பாதி அப்படித்தான் போனது. ஆனால் எடையை வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல நிறுவனத்து 2.5 அங்குல எஸ்எஸ்டியிலும் பாதிக் கூடு காலியாகத்தான் இருக்கும். சரியான சோதனை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள். முழு இடத்தையும் எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே, விண்டோஸ் போடுவதற்கு முன்னால் ஓட்டுங்கள், சில மணி நேரம் ஆகலாம், பரவாயில்லை.

பிராண்டில் என் விருப்பம் கேட்டால், அந்த விலையில் சாம்சங், டபிள்யூடி அல்லது சான்டிஸ்க், கிங்ஸ்டன், க்ரூஷியல் என்று இந்த நான்குக்குள் எது அன்றைக்குக் குறைவான விலையில் அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். ஒன்றைத் தூக்கி ஒன்றை இறக்கும் அளவுக்கு உங்கள் உபயோகத்தில் வித்தியாசம் இருக்காது. இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். ஒன்று, மலிவு மாடல்களில் பேரை மாற்றாமல் உள்ளே சிப்பை மாற்றும் வழக்கம் இருக்கிறது. 2021-இல் க்ரூஷியல் பி2-வும் டபிள்யூடி எஸ்என்550-யும் இப்படிச் செய்தது வெளியே வந்தது. பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டு அதே வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். மற்றொன்று, 2025 டிசம்பரில் மைக்ரான் க்ரூஷியல் பேரில் சில்லறை விற்பனையை நிறுத்தப்போவதாக அறிவித்தது, ஏற்கெனவே விற்றவற்றுக்கு உத்தரவாதம் தொடரும் என்றும் சொல்லியிருக்கிறது. மீதிச் சரக்கு நல்ல விலைக்கு வந்தால் பயப்படாமல் வாங்கலாம். அந்தச் சமயத்திலிருந்தே சிப் விலை ஏறிக்கொண்டு போவதால், பழைய பதிவுகளில் பார்த்த விலையைக் கடையில் தேடினால் ஏமாற்றம்தான் வரும்.

சிலவற்றின் முதுகில் மலேசியாவில் செய்தது என்று அச்சிட்டிருக்கும். நம் பினாங்கு மாநிலத்துப் பத்து காவானில் மைக்ரானும் சான்டிஸ்க்கும் தொழிற்சாலை வைத்திருக்கின்றன. 1972-இல் இன்டெல் பாயான் லெப்பாஸில் கால் வைத்த நாளிலிருந்து இந்தத் தொழிலில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். வாங்கும்போது அந்த வரியைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதை வைத்துத் தரத்தை எடை போட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடையில் வாங்கினாலும் ஆன்லைனில் ஷாப்பியில் வாங்கினாலும் ரசீதில் மாடலும் வரிசை எண்ணும் இருக்கட்டும், விநியோகஸ்தர் ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். உத்தரவாதம் 3 வருடமா 5 வருடமா என்று கேளுங்கள், கடை தரும் 1 வார மாற்று உத்தரவாதத்தை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பொய்யான பொருளைத் தந்துவிட்டுக் கை விரித்தால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை.

ரேமையும் மறந்துவிடக் கூடாது. 4 ஜிபி இன்றைக்குப் பற்றாது. எஸ்எஸ்டி போட்டதும் அந்தப் பற்றாக்குறை முன்போல உறைக்காது, ஆனால் குரோமில் பத்துப் பக்கம் திறந்தால் மறுபடி திணறும். 200 வெள்ளியில் இரண்டும் அடங்கவில்லையென்றால் எஸ்எஸ்டியை முதலில் போடுங்கள், ரேமை அடுத்த மாதம் பார்க்கலாம். ரேமைப் பொறுத்தவரை பழையது வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, டிடிஆர்4 லேப்டாப் வகைதானா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். பழைய எஸ்எஸ்டியை அப்படி வாங்கச் சொல்ல மாட்டேன்.

மாற்றுவதற்கு முன்னால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இப்போதைய ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சளாகக் காட்டினால், குறிப்பாகப் பழுதான இடங்களைக் கணக்கிடும் 05, சி5 என்ற வரிகளில் எண் ஏறியிருந்தால், மெதுவாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் அதை அப்படியே குளோன் (முழு நகல்) செய்ய முயலாதீர்கள். படங்களையும் பாடங்களையும் முதலில் வெளியே எடுத்துவிட்டு, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தாலும் ஆறேழு வருடக் குப்பையைத் தூக்கிச் செல்வதைவிடப் புதிதாகப் போடுவதே மேல் என்பேன். லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, இணையத்தில் இணைந்ததும் தானாக வந்துவிடும். லேப்டாப்போடு வந்த ஆபிஸ் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்து வையுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் எழுதி வையுங்கள்.

கழற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். மின்சாரத்தைப் பிடுங்கி, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பை விலக்குங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது, நீளமானதைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் மேல் பக்கத்து பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டு வரும். சிலவற்றில் ஒரு ஸ்க்ரூ ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். மூடி வரவில்லையென்றால் பலம் காட்டாமல் அதைத் தேடுங்கள். எம்.2-ஐப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ பல லேப்டாப்பில் இருக்காது, வாங்கும்போதே கடையில் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கை நடுங்கும் என்றால் கடையில் கொடுங்கள், கூலியை முன்கூட்டியே கேட்டுவிட்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், அதில் உங்கள் குடும்பமே இருக்கிறது. ஒரு யூஎஸ்பி கூட்டில் போட்டால் அதுவே நகல் வைக்கும் இடமாகிவிடும்.

முழு மாடல் எண்ணையும், முடிந்தால் மூடியைத் திறந்து எடுத்த ஒரு படத்தையும் போடுங்கள். எந்த ஸ்லாட் என்று பார்த்துச் சொல்கிறேன், அதுவரை எதற்கும் முன்பணம் கட்டாதீர்கள்.